ஒரே அறை, நான்கு ஊர்: ஒசாகாவிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பலாம்!

ஜப்பானுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டோக்கியோவில் இரண்டு இரவு, கியோட்டோவில் ஒன்று, நாராவில் ஒன்று, ஒசாகாவில் ஒன்று, முடிந்தால் ஹிரோஷிமா. தாளில் எழுதும்போது அழகாக இருக்கிறது. விசாவுக்காக நாள்வாரியாக எழுதிக் கொடுக்கும் பயணத் திட்டத்திலும் கட்டங்கள் கச்சிதமாக நிரம்பிவிடும். அந்தக் கட்டங்களில் இடம்பெறாத ஒன்று, சூட்கேஸ்.

ஜப்பானிய ஹோட்டல்களில் பொதுவாகக் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊர் ஹோட்டலில் மதியம் 3 மணிக்குத்தான் சாவி கொடுப்பார்கள். நடுவில் இருக்கும் நேரம் பெட்டியைக் கட்டுவது, இழுப்பது, லாக்கர் தேடுவது, மறுபடி பிரிப்பது என்று கரையும். ஒரு முறை ஊர் மாறினால் அரை நாள் போச்சு. நான்கு முறை மாறினால் இரண்டு நாள். ஏழே நாள் லீவில் இரண்டு நாளைப் பெட்டிக்குத் தானம் செய்வது கொஞ்சம் அதிகம்தான்.

கன்சாய் பகுதியில் இதற்கு அவசியமே இல்லை. ஒசாகாவை நடுவில் வைத்தால் மேற்கே கோபே, வடகிழக்கே கியோட்டோ, கிழக்கே நாரா. மூன்றுக்கும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோபேயைத் தாண்டி இருக்கும் ஹிமேஜிகூட சுமார் ஒரு மணி நேரம்தான். ஒசாகாவில் ஐந்து இரவுக்கு ஒரே அறை எடுத்து, தினமும் காலையில் கைப்பையோடு கிளம்பி இரவில் திரும்பினால் நான்கு முழு நாள் கையில் இருக்கும்.

‘கியோட்டோவில் தங்கக் கூடாதா?’ என்று கேட்கலாம். தாராளமாகத் தங்கலாம். ஆனால் மார்ச் கடைசியில் தொடங்கும் செர்ரிப் பூக்காலத்திலும், நவம்பரில் இலை சிவக்கும் நாட்களிலும் அங்கே அறை வாடகை எகிறிவிடும். தவிர, கியோட்டோவின் கோயில்கள் மாலை 5 மணிவாக்கில் சாத்திவிடும். ஒசாகாவோ அதற்கப்புறம்தான் விழித்துக்கொள்ளும் ஊர். பகலுக்குக் கியோட்டோ, இரவுச் சாப்பாட்டுக்கு ஒசாகாவின் டோடோன்போரி என்பது நல்ல பங்கீடு.

பாஸ் வாங்குமுன் ஒரு கணக்கு

ஜப்பான் என்றதும் ‘ஜேஆர் பாஸ் வாங்கிட்டீங்களா?’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய யோசனை அது. நாடு முழுக்கச் செல்லும் 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் புல்லட் ரயிலில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,700 யென். போய்வந்தாலும் 30,000 யென்னைத் தொடாது. டோக்கியோவில் இறங்கி, ஒசாகா அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்தே ஊர் திரும்பும்படி டிக்கெட் போட்டால், திரும்பி டோக்கியோ போகும் செலவும் அலைச்சலும் சேர்ந்தே மிச்சம்.

கன்சாய்க்குள் செலவு இன்னும் குறைவு. ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு ஜேஆரின் ‘ஷின்-கைசோகு’ என்ற அதிவேக வண்டி அரை மணியில் கொண்டுபோய் விடும். கட்டணம் 600 யென்னுக்குள். இதே தூரத்துக்குப் புல்லட் ரயிலில் போனால் 15 நிமிடம். ஆனால் கட்டணம் இரண்டு மடங்குக்கும் மேல். அதைப் பிடிக்க ஒசாகா நிலையத்திலிருந்து ஷின்-ஒசாகா என்ற வேறு நிலையத்துக்கும் போக வேண்டும். மிச்சமான கால் மணி நேரம் அங்கேயே செலவாகிவிடும்.

ஜேஆரின் ஒரு நாள் கன்சாய் பாஸ் ஒன்று உண்டு. ஹிமேஜி போய்வரும் செலவும் அந்தப் பாஸின் விலையும் ஏறக்குறைய சமம். ஹிமேஜி போகும் நாளுக்கு மட்டும் வாங்கினால் போதும். மற்ற நாட்களுக்கு ‘இகோகா’ போன்ற ரீசார்ஜ் கார்டு சரி. கதவில் தொட்டு உள்ளே போகலாம், தொட்டு வெளியே வரலாம். பஸ்ஸிலும் செல்லும், கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கவும் செல்லும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கார்டைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அதற்கான சிப் கிடையாது. அவர்கள் விமான நிலையத்திலேயே பிளாஸ்டிக் கார்டு வாங்கிவிடுவது நல்லது. ஒரே கார்டை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது. 6 முதல் 11 வயது வரை அரை டிக்கெட், அதற்கும் கீழே என்றால் பெரியவர்களோடு போகும்போது இலவசம்.

‘டொக்யூ’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. ‘சிறப்பு விரைவு வண்டி’ என்று அர்த்தம். ஹான்க்யூ, கெய்ஹான் கம்பெனிகளின் டொக்யூவில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏறலாம். ஜேஆரிலும் கின்டெட்சுவிலும் டொக்யூ என்றால் தனிக் கட்டணம். ஒரே சொல், கம்பெனிக்குக் கம்பெனி வேறு விலை! வெளியூர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கியோட்டோ: விடியும் முன் கிளம்புங்கள்

கியோட்டோவைப் பற்றிய புலம்பல்களில் முக்கால்வாசி கூட்டத்தைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான் இருக்கும். கூட்டம் தாங்காமல், பஸ்ஸுக்கு மட்டுமான ஒரு நாள் பாஸை அந்த நகரமே 2024 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து, அதிகாலை.

ஃபுஷிமி இனாரி கோயிலுக்குக் கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கும். 233 மீட்டர் உயரக் குன்றின் மேல் ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரண வாயில்கள் வரிசை கட்டி நிற்கும். படங்களில் ஆளே இல்லாமல் தெரியும் அந்த வழியில் காலை 10 மணிக்குப் போனால், முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். 7 மணிக்குப் போனால் குருவிச் சத்தம் கேட்கும். உச்சி வரை ஏறி இறங்க இரண்டு, மூன்று மணி நேரமாகும். முழங்கால் வலி உள்ளவர்கள் கால்வாசி வழி போய்த் திரும்பினாலும் குறையில்லை. அடர்த்தியான வாயில் வரிசை அடிவாரத்தை ஒட்டித்தான் இருக்கிறது.

ஒசாகாவின் யொடோயபாஷியிலிருந்து கெய்ஹான் டொக்யூவில் ஏறி, தன்பாபாஷியில் சாதாரண வண்டிக்கு மாறினால் ஃபுஷிமி இனாரி. அங்கிருந்து அதே கெய்ஹான் பாதையில் வடக்கே சில நிலையங்கள் தள்ளி கியோமிசு-கோஜோ. அதில் இறங்கி மேடேறி நடந்தால் கியோமிசு-தெரா கோயில். மலைச்சரிவில் 13 மீட்டர் உயரத்துக்கு மரத்தூண்கள் நிறுத்தி, அதன் மேல் மேடை கட்டியிருக்கிறார்கள். காலை 6 மணிக்கே திறந்துவிடுவதால், கூட்டம் ஆகாதவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டு இனாரிக்குப் போனாலும் சரிதான். கோயிலிலிருந்து சன்னென்சாகா, நினென்சாகா என்ற கல்படித் தெருக்கள் வழியே இறங்கினால் யசாகா கோயில், கியோன், பிறகு பாலம் தாண்டிக் கவராமச்சி. அங்கே ஹான்க்யூ ரயில் நிலையம் தரைக்கடியில் காத்திருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஒசாகா உமேடா. ஒரு நாள் முழுக்க ஒரு பஸ்கூட ஏறவில்லை!

இந்த ஊரின் ரயில் ரகசியமே இதுதான். ஜேஆர் வேகமானது, ஆனால் நகரின் தெற்கு ஓரத்தில் இறக்கிவிடும். ஹான்க்யூவும் கெய்ஹானும் கொஞ்சம் மெதுவாகப் போனாலும், பார்க்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். எந்த வண்டி வேகம் என்று பார்ப்பதைவிட எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கியோட்டோவுக்கு இன்னொரு நாள் ஒதுக்க முடிந்தால் மேற்குப் பக்கம் போகலாம். ஹான்க்யூவில் கட்சுரா வந்து சாதாரண வண்டிக்கு மாறி, சாயினில் இறங்கினால் வடக்கே தங்கக் கோயிலுக்கு பஸ் உண்டு. 1950-ல் தீவைத்து எரிக்கப்பட்டு, 1955-ல் திரும்பக் கட்டப்பட்டது இது. அங்கிருந்து 20 நிமிட நடையில் ரியோஆன்-ஜி. வெள்ளைச் சரளைமேல் 15 கற்கள் கிடக்கும் தோட்டம். தாழ்வாரத்தில் எங்கே உட்கார்ந்து எண்ணினாலும் ஏதாவது ஒரு கல் மறைந்துவிடும். குழந்தைகளை அமைதியாக உட்காரவைக்க இதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. பக்கத்திலேயே இருக்கும் நிலையத்திலிருந்து ‘ராண்டென்’ என்ற சின்ன மின்சார ரயில், ஒரு முறை வண்டி மாறினால், அராஷியாமா கொண்டுபோகும். மூங்கில் காடு, ஆறு, பாலம். திரும்ப ஹான்க்யூவிலேயே கட்சுரா வழியாக ஒசாகா.

ஒரே நாளில் கிழக்கையும் மேற்கையும் முடிக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பஸ் ஜன்னல் வழியாகத்தான் கியோட்டோவைப் பார்த்துவிட்டு வருவார்கள். ஒரு நாள்தான் என்றால் கிழக்குப் பக்கம் போதும்.

நாரா: ஒரு கயிற்றின் கதை

நாராவுக்கு ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயில்தான் வசதி. ‘கைசோகு-க்யூகோ’ என்று எழுதியிருக்கும் வண்டியில் கூடுதல் கட்டணமில்லை. சுமார் 40 நிமிடம், 700 யென்னுக்குள் டிக்கெட். ஜேஆரிலும் போகலாம். ஆனால் கின்டெட்சு நாரா நிலையம்தான் மான்கள் திரியும் பூங்காவுக்குப் பக்கம்.

போகும்போது இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். மலையடிவாரத்தில் ரயில் மேடேறும்போது ஒசாகா நகரமே கீழே விரியும். பிறகு சுரங்கம். நாரா நெருங்கும்போது ரயில் ஒரு பெரிய பொட்டல் வெளியின் நடுவே ஓடும். 710-ல் ஜப்பானின் தலைநகரானபோது அரண்மனை இருந்த இடம் அது. வலப்பக்கம் 1998-ல் திரும்பக் கட்டி முடித்த சுசாகு வாயில் தெரியும். டிக்கெட்டே இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் சரித்திரம்.

பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் இருக்கின்றன. அவற்றுக்கென்றே விற்கும் ‘ஷிகா செம்பே’ பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது. பிஸ்கட்டைக் காட்டினால் சில மான்கள் தலைகுனிந்து வணக்கம் வைக்கும். காட்டிவிட்டுக் கொடுக்காமல் விளையாடினால் சட்டையைக் கடிக்கும். கையிலிருக்கும் காகித மேப்பைத் தின்றுவிடுவதும் உண்டு.

தோடாய்-ஜி கோயிலில் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர். 752-ல் இந்தப் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தபோது, தூரிகை பிடித்துக் கண் எழுதியவர் போதிசேனர் என்ற துறவி. தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று ஜப்பானியப் பதிவுகள் சொல்கின்றன. 736-ல் கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தார். அவர் கையிலிருந்த தூரிகையில் ஒரு நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்த புண்ணியம் கிடைக்கட்டும் என்று. அந்தத் தூரிகை இன்னும் அரச கருவூலமான ஷோசோயின் பொருட்களோடு பத்திரமாக இருக்கிறது. இப்போதுள்ள மண்டபம் 1709-ல் கட்டி முடிக்கப்பட்டது. தீயில் அழிந்த பழைய மண்டபம் இதைவிடவும் அகலமானது.

புத்தரைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அது தவறு. பின்பக்கம் மேடேறினால் நிகட்சு-தோ என்ற மண்டபம். கட்டணமில்லை, சாத்துவதுமில்லை. அதன் மேற்குத் தாழ்வாரத்தில் நின்றால் நாரா நகரம் முழுவதும் காலடியில் கிடக்கும். சூரியன் இறங்கும் நேரத்துக்கு அங்கே இருப்பதுபோல் நாளை அமைத்துக்கொண்டால், நாராவுக்கு வந்ததற்கு அது ஒன்றே போதும். டிசம்பரில் 5 மணிக்கு முன்பே அஸ்தமனம், ஜூனில் 7 மணிக்கு மேல். கிளம்பும் நேரத்தை அதற்கேற்ப முடிவு செய்யலாம். வயதானவர்களோடு வருபவர்களுக்கு நான்கு ஊரில் நாராதான் சுலபம். பூங்காவில் பெரும்பாலும் சமதளம், உட்கார நிழல் உண்டு, அவசரம் இல்லை.

ஹிமேஜி முதலில், கோபே பிறகு

இந்த இரண்டும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் ஒரே நாளில் முடியும். ஆனால் வரிசை முக்கியம். ஹிமேஜி கோட்டைக்குள் மாலை 4 மணிக்கு மேல் விடமாட்டார்கள். கோபே துறைமுகமோ இரவில்தான் அழகு. ஆகவே முதலில் தூரத்து ஊர்.

ஒசாகாவிலிருந்து ஷின்-கைசோகுவில் போகும்போது கோபே தாண்டியதும் இடப்பக்கம் கடல் வந்துவிடும். 1998-ல் திறந்த அகாஷி கைக்யோ தொங்குபாலத்துக்குக் கீழேயே ரயில் போகும். 3,911 மீட்டர் நீளப் பாலம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் தாண்டிவிடும் என்பதால் போனைத் தயாராக வைத்திருப்பது நல்லது.

ஹிமேஜி நிலையத்தின் வாசலில் நின்றாலே, நேர் எதிரே அகலமான சாலையின் கடைசியில் வெள்ளைக் கோட்டை தெரியும். 20 நிமிட நடை. ஒசாகாவிலும் ஒரு கோட்டை இருக்கிறதே என்று நினைக்கலாம். அதன் கோபுரம் 1931-ல் கான்கிரீட்டில் கட்டியது, லிஃப்ட்கூட உண்டு. ஹிமேஜியின் பிரதான கோபுரம் 1609-ல் எழுப்பிய அதே மரக்கட்டடம். 1945-ல் குண்டுவீச்சில் ஊரே எரிந்தபோதும் இது தப்பித்தது. ஒரு கோட்டைதான் பார்க்க நேரம் என்றால், யோசிக்காமல் ஹிமேஜிக்கே ஓட்டுப் போடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு தூக்கிச் செல்ல வேண்டும். படிகள் ஏணி மாதிரி செங்குத்து. ஏற முடியாதவர்கள் கீழே முற்றத்தில் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்ப்பதுதான் கோட்டையின் பாதி அழகு.

திரும்பும் வழியில் கோபேயின் சன்னோமியாவில் இறங்கலாம். 1995 ஜனவரி 17 அதிகாலை வந்த நிலநடுக்கத்தில் இந்தப் பகுதியில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். துறைமுகத்தில் மெரிகென் பூங்காவின் ஓரமாக, உடைந்து சரிந்த படகுத்துறையின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். சாய்ந்த விளக்குக் கம்பங்களுக்கு நடுவே தண்ணீர் அலைந்துகொண்டிருக்கும். பின்னால் விளக்குகளோடு ஒளிரும் ஊர் மொத்தமும் அதற்கப்புறம் எழுந்து நின்றது என்பது, அங்கே நிற்கும்போதுதான் உறைக்கிறது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும் கோபே ஆறுதல். இந்திய வணிகர்கள் பல காலமாக வாழும் ஊர். 1935-ல் திறந்த ஜப்பானின் முதல் மசூதிக்கு அவர்களும் பணம் போட்டிருக்கிறார்கள். ஜைனக் கோயில்கூட இருக்கிறது. அதனால் சப்பாத்தி, பருப்புக்கு வழியுண்டு. மற்ற ஊர்களில் கொஞ்சம் கஷ்டம்தான். காய்கறிபோலத் தெரியும் குழம்பிலும் ‘தாஷி’ என்ற மீன் சாறு கலந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் ‘உமே’ ஒனிகிரி, அதாவது உப்பும் புளிப்புமான ஊறுகாய்க்காய் வைத்த சோற்று உருண்டை, கைகொடுக்கும். தெருவில் குப்பைத் தொட்டி அபூர்வம். பையில் ஒரு காலிக் கவர் இருக்கட்டும்.

அறையை எங்கே எடுப்பது?

உமேடா பக்கம் எடுத்தால் கியோட்டோ, கோபே, ஹிமேஜி சுலபம். நம்பா பக்கம் எடுத்தால் நாராவும் விமான நிலையமும் சுலபம். முழங்கால், குழந்தை, தள்ளுவண்டி என்று எதுவாக இருந்தாலும், நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்கும் அறைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் போகாது. தினம் இரண்டு முறை நடக்கப்போகும் தூரம் அது.

டோக்கியோவிலிருந்து வருபவர்கள் பெரிய பெட்டியை ஹோட்டல் வரவேற்பிலேயே கூரியரில் கொடுத்துவிடலாம். பொதுவாக மறுநாள் ஒசாகா ஹோட்டலுக்கு வந்துவிடும். ஒரு இரவுக்கான துணி மட்டும் தோள்பையில். இந்தப் பாதையின் புல்லட் ரயிலில் நீள, அகல, உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு, அதற்கான இடத்தோடு சேர்ந்த சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2020-லிருந்தே இருக்கிறது.

ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை கோல்டன் வீக், ஆகஸ்ட் நடுவில் ஒபோன், பிறகு புத்தாண்டு. இந்த மூன்று சமயத்திலும் ஜப்பானே பயணம் கிளம்பிவிடும். தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடலாம். ஹிரோஷிமாவையும் ஒசாகாவிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம்தான். ஆனால் புல்லட் ரயிலில் போகவர மூன்று மணி நேரம், 20,000 யென்னுக்கு மேல் டிக்கெட். அணுகுண்டு நினைவு அருங்காட்சியகத்தைக் கடிகாரம் பார்த்துக்கொண்டே சுற்றுவதைவிட, அதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரவில் ரயில்கள் ஓடாது. நள்ளிரவை ஒட்டிக் கடைசி வண்டி, பிறகு காலை 5 மணிவாக்கில்தான் அடுத்தது. டாக்ஸியில் கியோட்டோவிலிருந்து ஒசாகா வருவதென்றால் பர்ஸ் காலி. கிளம்பும்போதே கடைசி வண்டியின் நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடைசி நாள், விமான நிலையத்துக்கு ஜேஆரின் ‘கன்கூ கைசோகு’வில் ஏறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டி ஹினெனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பக்க நான்கு பெட்டிகள்தான் விமான நிலையம் போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் வகாயமா போய்ச் சேருவார்கள்.